நேபாளத்துக்கு ஒரு துணை

ஜூலை 3, வியாழன்

கச்சான் காற்று. வாயெல்லாம் மணல். வகுப்பில் இன்றும் இமயமலை. கரும்பலகையில் வரைந்து வரைந்து கை ஓய்ந்துவிட்டது. ஒரு தடவையாவது கண்ணால் காணாமல் விடுவதில்லை. ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து ஆசிரியர் குழு ஒன்று நேபாளம் போகிறது. எனக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்குள் தந்தி அடிக்க வேணும்.

தேவை: கம்பளிச் சட்டை, சப்பாத்து, உம்மாவின் சம்மதம்.

ஜூலை 5, சனி

உம்மா ஒரே பிடி. "மஹ்ரம் இல்லாமப் பொம்புள தனியப் போறதா? ஊரு என்ன கதைக்கும்?" மஹ்ரம் என்றால் புருஷன், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளக் கூடாத நெருங்கிய உறவு ஆண். வாப்பா மௌத்தாகிவிட்டார். தம்பி சவூதியில். புருஷன் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய!

பிறகுதான் மூளை வேலை செய்தது. பக்கத்து வீட்டு றபீக் காக்கா! என்னைவிடச் சில மாதம் மூத்த அண்ணன் முறை. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தாய் காய்ச்சலில் கிடக்க, உம்மாதான் எனக்கும் அவருக்கும் சேர்த்துப் பால் கொடுத்தது. பால்குடிச் சகோதரன். மார்க்கப்படி கூடப் பிறந்தவர் மாதிரி. அவரும் "உம்மா" என்றுதான் கூப்பிடுவார். குசினியில் அடுப்படிவரை வருவார். அவர் முன்னால் நானும் உம்மாவும் முக்காடு போடுவதில்லை.

கேட்டேன். "ஓம் தங்கச்சி, வாறன். மலையைப் பார்க்க எனக்கு மட்டும் கசக்குமா?"

ஜூலை 6, ஞாயிறு

கல்முனையில் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தேன். முகம் திருடி மாதிரி.

உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மீன் வெட்டிய கத்தி பலகையில் ஓங்கி விழுந்தது. "நீ போனா நான் ஆரோட கிடக்கிற? பாதையெல்லாம் சுடுறானுகள்." சண்டை நடக்கிற ஊர், எனக்கும் பயம்தான். இருந்தும் போகத்தான் வேணும்.

பள்ளிவாசல் மவ்லவியிடம் கேட்டாயிற்று. பால் கொடுத்தவர் வாயால் சொன்னால் போதுமாம். அப்பாடா. மாதக்கணக்கில் கொடுத்ததை ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிற ஆள் உம்மா.

ஜூலை 8, செவ்வாய்

மவ்லவி வந்தார். றபீக் காக்கா புதுச் சாரன் உடுத்து வந்தார்.

மவ்லவி: "வயிறு நிறைய அஞ்சு தரமாவது குடுத்தீங்களா? அதுக்குக் குறைஞ்சா இவர் உங்கட மகனாக மாட்டார்."

உம்மா என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு மூணு தரம்தான் குடுத்திருப்பன்."

பொய். பச்சைப் பொய். ஐந்து வக்துத் தொழுகையும் தவறாத உம்மா! கத்த வேண்டும் போல இருந்தது.

மவ்லவி தலையாட்டிவிட்டு எழும்பினார். றபீக் காக்காவும் போய்ச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்தபடி:

"அப்ப நான் வாறன், மாமி."

உம்மாவின் கை முக்காட்டைத் தேடியது.