நாலாவது அடி

பூதப்பாண்டி
20-8-1954

மணக்குடி உலகம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் படகுக் கடவில் மோட்டார் போட்டு ஒன்று விற்பனைக்குக் கிடப்பதாக உப்பளத்துத் தங்கையன் சொன்னார். நான் கொச்சித் துறைமுகப் பட்டறையில் எஞ்சின் வேலை படித்தவன். மேஸ்திரிக்குக் கைகட்டி நிற்க முடியாமல் வந்துவிட்டேன். இனி சொந்தமாக ஒரு போட்டு ஓட்ட வேண்டும். புதிது வாங்க வக்கில்லை.

நேராகக் கேட்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். பலகை அயினியா, மாமரமா? எஞ்சின் எதில் ஓடுகிறது? கடைசியாக எப்போது ஓடியது? நன்றாக ஓடுகிற போட்டை எதற்காக விற்கிறீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். ஒளித்தாலும் திறந்து பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ச. தாணப்பன்


அய்யா துணை
மணக்குடி
கொல்லம் ஆண்டு 1130 ஆவணி 10

தம்பி தாணப்பனுக்கு உலகம்மாள் எழுதுவது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க அய்யா அருள் செய்யட்டும். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பலகை அயினி. மரம் அறுக்கும்போது நானும் கூட நின்றேன். எஞ்சின், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்டது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றணும். கடைசியாக ஓடினது பங்குனியில். ஓட்டினவன் என் மகன் பொன்னுலிங்கம். விஷக்காய்ச்சல் என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். நடந்து போனவன் நடந்து வரவில்லை. தங்கையன் சொன்னதைப் பார்த்தால் உன் வயசுதான் இருக்கும். அதனால் விற்கிறேன். ஒளிக்க ஒன்றுமில்லை.

எஞ்சினில் ஒரு சத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மூணு அடி ஒழுங்காக அடிக்கும், நாலாவது இருமும். "நொண்டி வருது" என்று ஊரில் கேலி பேசுவார்கள். "நொண்டுனாலும் வீடு வந்து சேருகுல்லா" என்பான் அவன். காயல் கடலில் சேருகிற பொழிமுகத்தில் அந்த இருமல் கேட்டதும் நான் உலையில் அரிசி போடுவேன். அவன் கடவில் கயிறு கட்டவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும்.

விலையில் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். போட்டு இந்தக் காயலிலேயே ஓடணும். வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. சம்மதம் என்றால் வா.

உலகம்மாள்


உப்பளக் கொட்டகை, தாமரைகுளம்
19-9-1954

உலகம்மாள் அவர்களுக்கு,

உங்களிடம் வாங்கிய போட்டு பத்திரமாக உப்பளத்துக்கு வந்து சேர்ந்தது. கயிற்றை நான்தான் அவிழ்ப்பேன் என்று நீங்கள் பிடித்துக்கொண்டு நின்றதில் வெகுநேரம் போய், காற்று திரும்பிவிட்டது. போகட்டும்.

எஞ்சினைப் பிரித்தேன். நாலாவது சிலிண்டரில் வால்வு கருகி, ஓரம் தின்றுபோயிருந்தது. இருமலுக்குக் காரணம் அதுதான். இத்தனை காலம் இப்படி ஓட்டியவனுக்குப் பொறுமை அதிகம், புத்தி குறைவு. நான் புது வால்வு போட்டுத் தேய்த்து உட்கார வைத்தேன். பழையதைக் காயலில் எறிந்தாயிற்று. இப்போது தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. நீங்கள் எழுதியிருந்த குறை இனி இல்லை.

நாளை முதல் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு உங்கள் கடவு வழியாகத்தான் போவேன். சொன்ன சொல் மாறமாட்டேன்.

ச. தாணப்பன்


அய்யா துணை
மணக்குடி
1130 புரட்டாசி 12

மக்கா தாணப்பனுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். நாளை முதல் என்று எழுதியிருந்தாய், ஆனாலும் நீ ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்று எனக்குத் தெரியவே இல்லை. ஏதோ ஒரு போட்டு போவது கேட்கும். யாரோ போகிறார்கள் என்று அடுப்படியிலேயே இருந்துவிடுவேன். நேற்று துணி காயப்போட வெளியே வந்தேன். பச்சைப் பெயின்ட், முன்பக்கம் அணியத்தில் அவன் இடித்த பள்ளம். நம்ம போட்டு. என் கண்முன்னால் போகிறது, காதுக்குத் தெரியவில்லை.

நான் எழுதினதை நீ குறை என்று எடுத்துக்கொண்டாய். அந்தச் சத்தத்துக்காகத்தான் மக்கா, இந்தக் காயலிலேயே ஓடணும் என்று கேட்டேன். நான் விளங்கச் சொல்லியிருக்கணும். உன்மேல் கோபமில்லை. நல்லதுதான் செய்தாய்.

அவனுக்குப் புத்தி குறைவில்லை. சரிபண்ணு என்று நானும் சொன்னதுண்டு. "பொறவு நான் வாறது ஒனக்கு எப்படித் தெரியும், சோறு ஆறிப்போகுமே" என்றான்.

உலகம்மாள்


உப்பளக் கொட்டகை, தாமரைகுளம்
4-10-1954

உலகம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடவில் இறங்கிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

வால்வை எறிந்த இடத்தில் முங்கித் தேடினேன். இடுப்புவரை சேறு. கிடைக்கவில்லை. கெட்டதைச் சரியாக்கத்தான் நான் படித்தேன். முன்பு எப்படிக் கெட்டிருந்ததோ அப்படியே கெடுக்க எனக்குத் தெரியவில்லை. நாலாவது பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். மூணு அடி விழுகிறது, நாலாவது இடம் சும்மா இருக்கிறது, இருமவில்லை. பிறகு புகைக்குழாயில் ஓட்டை போட்டு, சாக்குத் துண்டைத் திணித்தேன். கொஞ்சம் கரகரத்தது. தங்கையனைக் கரையில் நிற்கவைத்துக் கேட்டேன். "அவனேதாம்டே" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்படியே ஓட்டிக்கொண்டு வருவேன். மண்ணெண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். குடிக்கட்டும்.

தாணப்பன்


மணக்குடி
1130 புரட்டாசி 23

மக்கா,

வெள்ளிக்கிழமை கேட்டது.

நீ வருவதாக எழுதின கடுதாசி மடியில்தான் இருந்தது. ஆனாலும் பொழிமுகத்தில் இருமல் கேட்டதும் கை தானாக அரிசியை அள்ளி உலையில் போட்டுவிட்டது. வடித்தேன். புளிக்கறியைச் சூடாக்கினேன். இலையை அறுத்து வைத்துவிட்டுக் கடவுக்கு வந்து நின்றேன்.

நீ கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாய்.

நீ என்ன செய்வாய். நான்தான், வேகம் குறையும், கயிறு வந்து விழும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். போட்டு வளைவு திரும்பின பிறகுதான் அவன் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. பங்குனியில் எல்லாரும் அழு, அழு என்றார்கள். அன்றைக்கு வரவில்லை. இப்போது நிற்கவில்லை. சோற்றை யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் தண்ணி ஊற்றி வைத்தேன். அப்படியே இருக்கிறது.

அந்த வயரை மாட்டிவிடு. நீ இப்படியே ஓட்டினால் நான் தினமும் உலை வைத்துவிடுவேன்.

பதில் எழுத வேண்டாம்.

உலகம்மாள்


13-10-1954

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது மட்டும்.

வயரை மாட்டிவிட்டேன். குழாயின் ஓட்டையையும் அடைத்துவிட்டேன். இன்று வளைவுக்கு முன்பே எஞ்சினை நிறுத்தினேன். கழுக்கோல் ஊன்றித்தான் உங்கள் கடவைக் கடந்தேன். மூட்டை பாரம், நேரமானது. கதவு சாத்தியிருந்தது.

இனி எப்போதும் அப்படித்தான் போவேன். அந்த இடத்தில் என் போட்டின் சத்தம் வராது.

தாணப்பன்