கின்தோவுக்குக் குனியாதவன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. தண்ணீரும் ஏறவில்லை. அதற்கெல்லாம் கோபப்பட இன்று எனக்கு நேரமில்லை.

பல்கலைக்கழகத்தின் கியூப இசை, நடன விழா இருபத்தொன்றாம் தேதியாம். ஹவானாவிலிருந்து நடுவர்கள் வருகிறார்கள். ஜெயிக்கிற குழு ஹவானா இறுதிச் சுற்றுக்குப் போகும். ரும்பாக் குழுவை நடத்துகிற எலியேசர் வாத்தியார் எங்களையெல்லாம் நிற்க வைத்து இதைச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை கின்தோவை ரெய்னியர் வாசிக்கட்டும், யுடெல்கிஸ் கோரஸில் நிற்கட்டும் என்றார்.

யுடெல்கிஸ் என்றால் நான். மூன்று வருஷமாக இந்தக் குழுவின் கின்தோ என் கையில்தான் இருக்கிறது. பெரிய டிரம்மான தும்பா தாளத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆடுகிறவனோடு பேசுவது சின்னதான கின்தோ. அவன் கால் ஒன்று கேட்டால் அது பதில் சொல்ல வேண்டும். ரெய்னியர் மருத்துவப் பிரிவில் இந்த வருஷம்தான் சேர்ந்தான்.

ஏன் சார் என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ள காலிடுக்குல டிரம்ம வச்சிக்கிட்டு உக்காந்தா, மேடையில பாக்க நல்லாருக்காதும்மா."

மூன்று வருஷமாக நன்றாகத்தானே இருந்தது? எர்னெல் அங்கேயேதான் நின்றான். எங்கள் வீட்டோடு ஒரே முற்றத்தைப் பங்குபோடுகிற வீட்டு எர்னெல். ஆறு வயதில் நான் பழப்பெட்டியைத் தட்ட, அவன் ஆடிப் பழகினான். இன்றைக்குக் குழுவில் தனியாட்டம் ஆடுகிறான் என்றால், அவன் போடுகிற ஒவ்வொரு அடியும் என் கையோடு வளர்ந்தது. தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மார்ச் 5

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பாவி.

மார்ச் 7, வெள்ளி

மகளிர் தினம் நாளை சனிக்கிழமையில் வருகிறதாம், அதனால் இன்றைக்கே கொண்டாடிவிட்டார்கள். எலியேசர் வாத்தியார் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்புப் பூ கொடுத்து, கன்னத்தில் முத்தம் வைத்து, எங்கள் ராணிகள் இல்லாமல் ரும்பா ஏது என்று பேசினார். நானும் வாங்கிக்கொண்டேன். சிரிக்கவும் சிரித்தேன், என் பல்லை உடைக்க.

வீட்டுக்கு வந்து பூவைப் பக்கத்து வீட்டுப் பன்றிக்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு இருக்கிற மானம்கூட எனக்கு இல்லை.

மார்ச் 12, புதன்

தண்ணீர் வண்டி வந்தது. வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பினால், வரிசையில் எனக்குப் பின்னால் எர்னெல். கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஏண்டா வாயைத் திறக்கவில்லை? அது வாத்தியார் முடிவு, நான் என்ன செய்ய முடியும் என்றான். சொல்லிக்கொண்டே இடது காதைச் சொறிந்தான். பொய் சொன்னால் சொறிவான், சின்ன வயதிலிருந்து.

"நீதான் சொன்னியா?" என்றேன்.

காதிலிருந்து கையை எடுத்தான். அப்புறம், "யுடி, நிதானமாக் கேளு. வர்றவங்க எல்லாம் பழைய ரும்பா ஆளுங்க. ஆம்பள ஆட்டத்துக்குப் பொம்பள கின்தோ அடிச்சா என் காலப் பாக்கமாட்டாங்க, உன்னத்தான் முறைச்சுப் பாப்பாங்க. ஒரே ஒரு தடவ. எனக்காக விட்டுக்குடேன்" என்றான்.

வாளித் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். வரிசையில் நின்றவர்கள் தண்ணீர் வீணாகிறதே என்றுதான் கத்தினார்கள். நான் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. அதுவும் அவனால்தான்.

மார்ச் 13

அவனா? வாத்தியார் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவனே போய்ச் சொன்னானா, என்னை எடுத்துவிடச் சொல்லி? சோத்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றைய ஒத்திகையில் ரெய்னியர் கின்தோவை விட்டு எழுந்துவிட்டான். நல்ல பையன்தான், சுத்தமாக வாசிக்கிறான். ஆனால் வீட்டில் பழகி வந்ததை வாசிக்கிறான். எர்னெல் காலைச் சுழற்றி நிறுத்தும்போது இவன் வேறெங்கோ இருக்கிறான். எர்னெல் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. யாரோடும் பேசாமல் தனக்குத்தானே கை காலை உதறிக்கொள்கிற மாதிரி இருந்தது. "சார், இவன் கால் எனக்குப் புரியல, அவளுக்குத்தான் புரியும்" என்று சொல்லிவிட்டு ரெய்னியர் தும்பா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். கின்தோ எனக்குத்தானாம். ஆனால் முழுக்கைச் சட்டை போட்டு, முடியை அள்ளித் தொப்பிக்குள் திணித்து, முகத்தை நிமிர்த்தாமல் வாசிக்க வேண்டுமாம். நடுவர்களுக்குப் பையன் மாதிரி தெரிந்தால் போதுமாம்.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? அந்தக் கின்தோவை விட மனசில்லை, அவ்வளவுதான்.

பிறகு எர்னெலை ஆடவிட்டுப் பார்த்தோம். ரும்பாவில் தனியாட்டக்காரன் வளையத்துக்குள் வந்ததும் முதலில் கின்தோவின் முன்னால் குனிந்து தோலைத் தொட வேண்டும். அப்புறம்தான் ஆட்டம். பழப்பெட்டிக்கே குனிந்தவன் இவன். இன்றைக்குத் தலையை லேசாக ஆட்டினான். வணக்கமாம்.

மார்ச் 20

அப்பாவின் தொப்பியைத் தேடி எடுத்தேன். அம்மா பார்த்தாள். விஷயம் தெரிந்ததும், "மீசையும் ஒட்டிவிடவா? அடுப்புக்கரி இருக்கு" என்றாள். சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும், ஒன்றும் மறப்பதற்குள்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. மாணவர்கள் மட்டுமில்லை, துறைமுகத் தெருவின் பழைய ரும்பாக்காரர்கள் பாதி இடத்தைப் பிடித்திருந்தார்கள். முன் வரிசையில் நடுவர்கள். நான் தொப்பியோடு, தலை குனிந்தபடி. பாட்டு ஏறியது. எர்னெல் வெள்ளை உடையில் வளையத்துக்குள் வந்தான், நேராக ரெய்னியரிடம் போனான், குனிந்தான், தும்பாவைத் தொட்டான்.

தும்பாவை!

என் பக்கம் திரும்பவே இல்லை. ஆடத் தொடங்கிவிட்டான். நான் இரண்டு கையையும் தோலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாக வந்துவிட்டது.

தும்பா ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, எர்னெல் காலைச் சுழற்றி நிறுத்துகிறான். பதில் இல்லை. இன்னொரு தடவை. பதில் இல்லை. வேறு ஊராக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எங்கள் ஊர் ஆட்களுக்குத் தெரியாதா? பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்:

"கின்தோவத் தொடுறா, மரியாத கெட்டவனே."

அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். எர்னெல் நின்றான். என்னைப் பார்த்தான். நான் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டேன். முடி தோளில் விழுந்தது. அவன் இரண்டே எட்டு வைத்தால் போதும், குனிந்தால் போதும். நான் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடவுளே, கின்தோவை மனதார அடித்திருப்பேன்.

அவன் திரும்பி மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்

ஹவானா போச்சு. வேறொரு குழு போகிறது. எலியேசர் வாத்தியார் எல்லோர் முன்னாலும் என்னை அகராதி பிடித்தவள் என்றார், இனி ஒத்திகை அறை வாசலை மிதிக்கக்கூடாது என்றார். ஆட்டக்காரனை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கின்தோவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அழுதேன். கோபத்தில் அழுதேன், வருத்தத்தில் இல்லை. இல்லை, வருத்தமும்தான்.

மார்ச் 30, ஞாயிறு

முற்றத்தில் பழப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கருப்பு பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை. எர்னெல் அவன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தான், பெட்டிக்கு முன்னால் நின்றான், குனிந்து தொட்டான்.

பயந்துட்டேன், யுடி என்றான். உன் பக்கம் வந்து குனிந்தால் நடுவர்கள் கண்ணும் உன் மேல் விழும், பொம்பளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தானாம். பிறகு நான் தொப்பியைக் கழற்றியதும் வெட்கமாகிவிட்டதாம். காதைச் சொறியவில்லை.

நான் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இங்க யாரு இருக்கா, எர்னெல்? எங்கம்மாவும் பீன்ஸும். அத்தன பேரு முன்னால பண்ணாதத இங்க வந்து பண்ணாத."

நின்று பார்த்துவிட்டுப் போனான். அம்மா கல்லைப் பொறுக்கினாள்.

ஏப்ரல் 5, சனி

பாலத்தடிப் பூங்காவில் ரும்பா. நான் சிவப்புப் பாவாடை கட்டிக்கொண்டு போனேன். பொம்பளை என்று அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரியட்டும். துறைமுகத் தெருக்காரர்கள் கின்தோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். உனக்குத்தான், உக்காரு, நேரமாகுது என்றார் அன்றைக்குக் குரல் கொடுத்த அந்தக் கிழவர். ரெய்னியரும் தும்பாவோடு வந்திருந்தான். எலியேசர் வாத்தியார் மரத்தடியில் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி ஊர் கூடியிருந்தது. பாட்டு ஏறியதும் எர்னெல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். தும்பாவைத் தாண்டினான். என் முன்னால் வந்து குனிந்து, தோலின் மேல் கையை வைத்தான். கை வியர்த்திருந்தது.

அப்படியே குனிந்து நிற்கட்டும் என்று விட்டேன். பாட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியது. யாரோ சிரித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் கின்தோவை அடித்தேன்.