கன்னத்தில் ஒரு கரும்புள்ளி

மைசென் பீங்கான் பட்டறை, அக்டோபர் 1738

அன்புள்ள ரோசினா,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முட்டி வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. சூளையில் சாம்பல் விழுந்து வெள்ளைப் பீங்கான் தட்டில் கரும்புள்ளி வந்துவிட்டால், அதன் மேல் ஒரு வண்டோ ஈயோ வரைந்து மறைப்பது எங்கள் வழக்கம். போன வாரம் அப்படி வந்த தட்டில் நான் பூச்சி வரையவில்லை. புள்ளி கன்னத்தில் விழும்படி ஒரு சீனப் பெண்ணை வரைந்துவிட்டேன்.

மேஸ்திரி ஹென்ஷெல் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, அழுக்கை அப்படியே விட்டிருக்க? உடைச்சுப் போடவா?"

"அழுக்கு இல்லீங்க, மச்சம்."

"சீனாக்காரிய நீ எங்கய்யா பார்த்த?"

"சீனாக்காரிய பார்த்ததில்லீங்க. மச்சத்தைப் பார்த்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுத் தட்டை அரண்மனைக்கு அனுப்பினார். இப்போது அதே முகத்தை இன்னும் பல தட்டுகளில் கேட்கிறார்கள்.

கம்பளிக் காலுறை அனுப்பு. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பட்டறை இருக்கும் இந்தக் கோட்டையை விட்டு எங்களை வெளியே விடமாட்டார்கள். பீங்கான் செய்யும் ரகசியம் வெளியே போய்விடுமாம்.

வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். புதுத் தட்டுகளில் புள்ளி இல்லை, மச்சத்தை நானேதான் வைக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் எழுது: உனக்கு அது இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா?

உன் கோட்லோப்