பதினேழு நாள்

11 ஜூன் 2025
எங்கள் செயலியில் தமிழ், மலையாள நாட்காட்டிகளைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொச்சியிலிருந்து ஷீனா மேடம் கேட்டார்: "கோகுல், ஒரு காலண்டர்தானே, ரெண்டு வாரம் மதியல்லே?" போதும் என்றேன். ராஜாக்களும் ஜோசியர்களும் பல நூற்றாண்டுகள் குழப்பியதை, வடகரப்பதியில் ஒரு தென்னந்தோப்பில் உட்கார்ந்து பிரித்தெடுக்க இரண்டு வாரம் தாராளம்.

19 ஜூன்
சூரியன் பிற்பகலில் ராசி மாறினால் தமிழ் மாதம் அன்றே பிறக்கிறது. மலையாள மாதம் மறுநாள். மாநில எல்லையில், கோபாலபுரம் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்துகிறார்கள். மாதத்தை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

2 ஜூலை
"கோர்ட்டுக்கு எப்பக் கண்ணு போகோணும்?" அம்மா. செப்டம்பர் 16 என்றேன். ஆர்த்தியும் நானும் சேர்ந்து கையெழுத்திட்ட விவாகரத்து மனு.

7 ஜூலை
'நினைவு நாள்' பகுதியைச் சோதிக்க உண்மையான தேதி ஒன்று வேண்டியிருந்தது. கை தானாகவே அடித்தது: 21.8.2023. எங்கள் மகள் யாழினி. ஒன்பது மாதம்.

தோப்பு மூலையில்தான் புதைத்தோம். "கைக்கொழந்தைக்குத் தெவசமெல்லாம் கெடையாது" என்றாள் அம்மா. சடங்கு இல்லாததால் நாளும் யாரும் குறித்துத் தரவில்லை. நான் ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டேன். மறு வருடம் ஆகஸ்ட் 21, ஆர்த்தி மூணாறில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வரவில்லை. ஒரு போன்கூட இல்லை. நானும் செய்யவில்லை.

செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தியன்று வந்தாள். கையில் ஒரு பொட்டலம் பூ. வாசலிலேயே கேட்டேன்: "பதினேழு நாள் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சா? இல்ல, கொழுக்கட்டை திங்க வந்தியா?" பூவைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

ஆர்த்தி வீட்டார் இருக்கும் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் தொங்குவது மலையாளக் காலண்டர். பிறந்தாலும் இறந்தாலும் நட்சத்திரம்தான் பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியும். நாட்காட்டி எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

யாழினி போன மலையாள மாதமும் நட்சத்திரமும் மறு வருடம் வந்த நாள், திரையில்: சிங்கம் (நம் ஆவணி), சித்திரை நட்சத்திரம் — 7 செப்டம்பர் 2024.

மூன்று முறை அடித்துப் பார்த்தேன். பிழை இல்லை. நிரலில் இல்லை.

8 ஜூலை
—

10 ஜூலை
ஆர்த்திக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதுவது கேட்டது.
"அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.
"கேட்டிருக்கோணும்" என்றேன்.
பிறகு, "அடுத்த மாசம் நட்சத்திரம் வருதே, அன்னைக்கு வருவியா?" என்று கேட்டேன்.
"நான் இப்ப நாளே பாக்குறதில்லங்க. பாத்தா அன்னைக்கு மட்டுந்தான் அழணும்னு ஆயிருது. வச்சிரட்டா?"

21 ஆகஸ்ட்
தோப்புக்குப் போகவில்லை.

27 ஆகஸ்ட்
இந்த வருடமும் நட்சத்திரம் சதுர்த்தியன்றே. காலையிலிருந்து தோப்பு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு பஸ் போயின. இரண்டு நின்றன. அம்மா கொழுக்கட்டை செய்யவில்லை; நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே.

5 செப்டம்பர்
செயலி வெளியானது. "சூப்பர்" என்று ஷீனா மேடம் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார்.

16 செப்டம்பர்
பாலக்காடு. கோர்ட்டில் ஒரே காலண்டர்தான். பதினொரு மணிக்கு என்றிருந்தார்கள். இருவரும் பத்தரைக்கே வந்துவிட்டோம். ஒரே பெஞ்சு.
"சாப்பிட்டீங்களா?" என்றாள்.
"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.