பசுவின் வாயில் அரக்குச் சாயம்

ஆடி வெள்ளி.

இன்று காலை பக்கத்து வீட்டுச் செல்வியின் பசு செத்துப்போனது. நேற்று பட்டறையில் மிஞ்சிய சாயத்தண்ணீரைக் கழிவுத்தொட்டி வரை சுமக்கச் சோம்பல்பட்டு, பின்புறப் பள்ளத்தில் கொட்டிவிட்டேன். பசு அதைக் குடித்திருக்கிறது. செல்வி வருவதற்குள் அதன் வாயிலிருந்த அரக்குச் சிவப்பை என் துண்டால் துடைத்தேன்.

“தெனமும் மொதல் பால கோயில்ல வரதருக்குத்தான குடுத்துக்கினு இருந்தேன். அவரு ஏன்பா இப்டி பண்ணாரு?” என்று அழுதாள்.

“எல்லாம் அவன் செயல்மா” என்றேன்.

இனி கோயில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வரதர் என் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஆனால் கொட்டியதும் துடைத்ததும் என் கைதான்.

துண்டைத் துவைக்கவில்லை. விடிந்ததும் அதோடு அவள் வீட்டுக்குப் போவேன். திட்டட்டும். சரியான ஆளைத் திட்டட்டும்.