திரைக்குள் கேட்ட குரல்

மட்டாஞ்சேரி
3-8-1961

அன்புக்குரிய காக்கா ஜாபர் சாதிக் அவர்களுக்குத் தங்கை ரபியா சலாம் சொல்லி எழுதுவது. பினாங்கில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய்.

இங்கே மழை விடவில்லை. வாப்பா எனக்கு எழுதி வைத்த சுக்குப் பண்டகசாலை ஒழுகுகிறதாம். நான் போய்ப் பார்க்க முடியாது. என் வீட்டுக்காரர் சைபுதீன் மௌத்தானதிலிருந்து அவர் வீட்டிலேயே நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கிறேன். வாசல் தாண்ட இன்னும் பதினெட்டு நாள்.

இத்தா முடிந்த மறுநாளே என்னை அவர் தம்பி ரஷீதுக்கு நிக்காஹ் செய்து வைக்கப் போகிறார்கள். வாப்பா இல்லாததால் வலியாக, என்னைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளராக, நிற்க வேண்டியவர் நீங்கள். அந்த உரிமையைத் தனக்குத் தரும்படி பெரிய வாப்பா உங்களுக்கு ஒரு வகாலத்துத் தாள் அனுப்பியிருக்கிறார். அதில் கையெழுத்துப் போடாதீர்கள் காக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ரஷீதின் முதல் மனைவி கிணற்றில் வழுக்கி விழுந்தாள் என்று உங்களுக்கு எழுதியது நான்தான். அவர்கள் சொன்னதை எழுதினேன். அந்தக் கிணற்றுக்கு என் நெஞ்சளவு சுற்றுச்சுவர். அன்று மழையும் இல்லை. அவள் பெயரில் இடக்கொச்சியில் இருந்த தென்னந்தோப்பு இப்போது ரஷீது பெயரில். பண்டகசாலை என் பெயரில். மிச்சத்தை நான் எழுத வேண்டுமா?

பத்து நாளுக்கு முன் என் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். துருப்பிடித்துவிட்டதாம். புதியது இன்னும் வரவில்லை. துணிப்பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கிறேன். என்னோடு இங்கே தங்கியிருக்கும் பெரியும்மாவிடம் சொன்னால், பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறத்தான் வேணும் என்று சிரிக்கிறார்கள். நான் ஏறிய மரம் இரண்டு. போதும்.

வெளியிலிருந்து என்னைப் பார்க்க வருவது அடுத்த வீட்டுக் கமலாக்ஷி டீச்சர் மட்டும்தான். பாலக்காட்டுக்காரர். பள்ளியில் சரித்திரம் நடத்துகிறார். போன வாரம் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தியின் கதை சொன்னார். எலிசபெத் என்று பெயர். பதிமூன்று வயதில் கல்யாணம். புருஷன் போனான். அடுத்து அண்ணன் போரில் மடிய, சொத்தில் ஒரு பங்கு இவளுக்கு வந்தது. அதோடு நிம்மதியும் போயிற்று. ஒருவன் கோட்டையிலிருந்தே இவளைக் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். ஆறு மாதத்தில் அவனும் போக, மூன்றாவது மாப்பிள்ளையை ராஜாவே பார்த்தார். இருபத்தேழு வயதுக்குள் மூன்று முறை விதவை. ராஜாவின் ஆட்கள் அவளை அடைத்து வைத்து நிலத்தை எழுதி வாங்கினார்கள். அவள் ரகசியமாக ஒரு தாள் எழுதி வைத்தாளாம், இது பயத்தில் போட்ட கையெழுத்து, மனசாரப் போட்டதல்ல என்று. அதற்குப் பிறகு யாரையும் கட்டவே இல்லை. எழுதி வச்ச பொம்மனாட்டி பொழச்சுண்டா, கேட்டியோ என்றார் டீச்சர். எனக்கும் இருபத்தேழு வயது. அன்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதி எழுதிக் கிழித்தேன்.

கன்னியிடம் கேட்டால் மௌனமே சம்மதம். விதவை வாய் திறந்து சொல்ல வேண்டும். பதினைந்து வயதில், முதல் நிக்காஹில், என் மௌனம் போதுமானதாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன், விதவையாக, சைபுதீனோடு நடந்த இரண்டாவது நிக்காஹில், திரைக்கு வெளியே நின்று மூன்று தடவை கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து சம்மதம் என்று ஒரு குரல் வந்தது. என் பக்கத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த பெரியும்மாவின் குரல் அது. இந்தத் தடவையும் அவர்கள்தான் என் பக்கத்தில் உட்காரப் போகிறார்கள்.

அன்று சாட்சிகளோடு திரைக்கு வெளியே நின்றவர் நீங்கள். ஒரே வீட்டில் என்னோடு வளர்ந்தவர். அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஆறு வருஷமாக நினைக்கிறேன். இப்போதும் கேட்கவில்லை.

பதிலை டீச்சரின் பள்ளி விலாசத்துக்குப் போடுங்கள். இங்கே வரும் தபால் முதலில் ரஷீது கைக்குத்தான் போகிறது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். எனக்கும் கேளுங்கள். இருபத்திரண்டாம் தேதிக்கு முன் எப்படியாவது வந்துவிடுங்கள், காக்கா. அதே இடத்தில் நில்லுங்கள். உள்ளேயிருந்து குரல் வரும். அது என் தங்கையின் குரல் இல்லை என்று இந்தத் தடவையாவது சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
ரபியா