உள்ளே ஆள் இருக்கிறான்

என் வீட்டு மகாராணிக்கு,

மூட்டுவலி குறைந்ததா? யாரும் நம்பாத கதையொன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், கேள்.

இங்கே ஆலையில் நான் துடைக்கிற ராட்சத ஃபேன் மேகத்தையே உறிஞ்சிவிடும். போன வாரம் மேஸ்திரியின் மீசையைப் பிடுங்கிக்கொண்டது!

துடைக்க நுழையுமுன் சுவிட்சில் "உள்ளே ஆள் இருக்கிறான்" என்ற பலகையை மாட்ட வேண்டும். நேற்று வெளியே வந்தபின் அதைக் கழற்ற மறந்துவிட்டேன். மேஸ்திரி பார்த்தார். "உள்ள ஆள் இருக்கான்யா, பக்கத்து ஃபேனைப் போடு" என்று சொல்லிப் போய்விட்டார். யாராவது என்னைத் தேடுவார்களா என்று சாயங்காலம்வரை மறைவில் உட்கார்ந்திருந்தேன்.

இருமல் மாத்திரை அனுப்பு. கூடவே "ஏங்க, எங்க போயிட்டீங்க?" என்று போனில் பதிந்து அனுப்பு. ஷிப்டுக்கு மணி அடிக்கிறது.

மேகமும் மீசையும் புளுகு. ஒருத்தரும் தேடாதது மட்டும் நிஜம்.

உன் வீட்டுக்காரன்